இரண்டு டப்பா நாட்கள்

சத்துவாச்சாரி கோர்ட்டில் மின்விசிறி சுற்றுகிறது.
காற்று மட்டும் வெளியே வேப்பமரத்தடியில்
வாய்தா வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.
"ரேணுகாதேவி, தணிகாசலம்" என்று
கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு
முதல்முறையாக எங்கள் பெயரைச்
சேர்த்துக் கூப்பிடுகிறார் டவாலி.

அவர் தரப்பில் ஒரு சம்பளச் சீட்டு:
ராணிப்பேட்டைத் தோல் ஆலை, டிரம் ஆபரேட்டர்,
பிடித்தம் போகப் பதினான்காயிரத்து இருநூறு.
பொய் இல்லை.
முத்திரைகூட நேராக விழுந்திருக்கிறது.
முழுசும் இல்லை.
ஓவர்டைம் சீட்டில் ஏறாது.
சனிக்கிழமை சாயங்காலம், பழுப்புக் கவரில்,
மேஸ்திரி எண்ணாமல் கொடுப்பார்,
இவர் எண்ணிக்கொண்டே வீடு வருவார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"
நீதிபதி அம்மா
கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

டப்பா, என்றேன்.
ஒரு ஷிப்ட் என்றால் ஒரு டப்பா.
இரவும் இருந்தால் இரண்டு:
மதியத்துக்குச் சாம்பார் சாதம்,
ராத்திரிக்குக் கெடாமலிருக்கப் புளிசோறு,
ஓரத்தில் இலவம்பாடி முள்ளுக்கத்தரி வதக்கல்.
மாசத்துக்குப் பதினொன்று, பன்னிரண்டு நாள்.
தீபாவளிக்கு முன்னால் இருபது.
அரிசிக் கணக்குக்காகக் காலண்டரில் போட்ட
சின்னச் சின்ன இரட்டைக் கோடுகள்,
பால்காரன் கோட்டுக்குப் பக்கத்திலேயே.
ஒன்பது வருஷத் தாள்.
வக்கீல் சற்குணம் அதற்கு
'ஆவணம் நான்கு' என்று பெயர் வைத்தார்.

தணிகாசலம் மறுக்கவில்லை.
சாயம் ஏறிய நகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

என் செலவுப் பட்டியலும் அங்கேதான் இருந்தது.
"வாடகை ஆறாயிரம்னு போடும்மா,
எப்படியும் வெட்டத்தான் போறாங்க"
என்றார் சற்குணம் முந்தின நாள்.
காட்பாடியில் அந்த ஒற்றை அறைக்கு
நான் கொடுப்பது நாலாயிரம்.
ஃபால்ஸ் தைத்து வருவது மூவாயிரம்,
அதையும் எழுதுங்கள் என்றேன்.
அவர் பேனாவை மூடினார், திறந்தார்.
"கேஸ் நடத்த வந்தீங்களா,
ரேஷன் கடைக் கணக்கு ஒப்படைக்க வந்தீங்களா?"

இன்னொன்றும் இருந்தது.
அவர் அம்மாவின் இன்சுலின்,
மாசம் இரண்டாயிரத்து நானூறு.
அவர் வக்கீலே சொல்ல மறந்துவிட்டார்.
அந்த அம்மா என்னை ஒரு நாளும்
பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.
ஊசி போட்டது நான்தான்,
தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளி,
இடம் மாற்றி மாற்றி.
"அதைக் கழித்துவிட்டுப் பாருங்கள்" என்றேன்.
சற்குணம் மேசைக்கடியில் என் காலை மிதித்தார்.
பெருந்தன்மை என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.
ஊசிக் காசில் பொங்கிய சோறு
ஊசித்தான் போகும், தெரியும் எனக்கு.

அவர் சொன்னது நான்கு, நான் கேட்டது ஒன்பது.
உத்தரவு ஏழாயிரத்து ஐந்நூறு,
இலக்கியாவின் பள்ளிக்கூடம் தனி,
மாதாமாதம் ஏழாம் தேதிக்குள்.

வெளியே கரும்பு ஜூஸ் வண்டிக்கு
அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான்.
தனித்தனியாகக் காசு கொடுத்தோம்.
சில்லறை இல்லையென்று கடைக்காரன்
அவருக்குத் தரவேண்டிய பத்து ரூபாயை
என்னிடம் நீட்டினான்.
வாங்கவில்லை. காட்டினேன், அவரிடம் கொடு என்று.

ஏழாம் தேதி போன் ஒரு தடவை சிணுங்கும்.
மூன்று மாதமாய் ஒழுங்குதான்.
புரட்டாசியில் ஆலைக்கு ஆர்டர் குறைவென்று
வாலாஜா பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டார்கள்.
குறைக்கச் சொல்லி மனுப் போடட்டும்,
சீட்டோடு கவரையும் கொண்டு வரட்டும்.
கேட்டுக்கொள்வேன்.

என்ன, இப்போது என்னிடம் கணக்கில்லை.
இரண்டாவது டப்பாவை
யாராவது கட்டுகிறார்களா,
இல்லை, கேட் எதிரே ஆறிப்போன பரோட்டாவோடு
இரவெல்லாம் டிரம் சுற்றுவதைப் பார்க்கிறாரா,
தெரியாது.

சுவரில் பால்காரன் கோடு மட்டும்,
தினமும் அரை லிட்டர்.